நாற்பத்தைந்தாவது ஓவரில் நின்றுபோகும் பதிவு

செட்டாப் பாக்ஸில் செருகி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய ஒரு பென் டிரைவ் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாக இரண்டே கேள்விகள்தான் கேட்பார்கள்: எத்தனை ஜி.பி., என்ன விலை? அதை எந்தக் கோப்பு முறைமையில், அதாவது கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் எந்த முறையில், ஃபார்மேட் செய்வது என்று கேட்பவர்கள் அரிது. கேட்டாலும் கடையில் கிடைக்கும் பதில், "எதுவானாலும் ஓடும் சார்" என்பதுதான். ஓடும், சந்தேகமில்லை. எவ்வளவு நேரம் ஓடும், நடுவில் கரன்ட் போனால் என்ன மிஞ்சும் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

முதலில் ஒரு கணக்கு. சாதாரண எஸ்.டி. சேனல் ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ 2 முதல் 4 மெகாபிட் வரை அனுப்பும். நடுவே 3 என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரப் பதிவு 1.35 ஜி.பி. பழைய கோப்பு முறைமைகளில் ஒன்றான ஃபேட்32இல் ஒரு தனிக் கோப்பு எட்டக்கூடிய அதிகபட்ச அளவு 4,294,967,295 பைட்; சுருக்கமாக 4 ஜி.பி. வகுத்துப் பார்த்தால் 3 மணி 11 நிமிடம் வருகிறது. ஒருநாள் கிரிக்கெட்டில் ஓர் இன்னிங்ஸுக்கு ஒதுக்கிய நேரம் மூன்றரை மணி. முதல் பந்திலிருந்து பதிவைத் தொடங்கினால் ஏறத்தாழ நாற்பத்தைந்தாவது ஓவரில் கோப்பு நிரம்பிவிடும். எல்லோரும் மட்டையைச் சுழற்றும் நேரம் பார்த்து!

எச்.டி. என்றால் நிலைமை இன்னும் மோசம். வினாடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு மெகாபைட்; 71 நிமிடத்தில் எல்லை வந்துவிடும். இரண்டரை மணி நேரக் கச்சேரி ஒன்றைப் பதிவில் போட்டால் பிரதான ராகத்தின் ஆலாபனையிலோ அதை ஒட்டியோ அறுந்து நிற்கும்; தனி ஆவர்த்தனம் கிடைக்காது.

என் வீட்டில் இந்தக் கணக்கெல்லாம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. அம்மாவுக்கு மார்கழிக் கச்சேரிகளும் திருவையாறு ஆராதனையின் நேரலையும் வேண்டும். மாமாவுக்கு கிரிக்கெட் வேண்டும். ஊரில் இருப்பது டிடி ஃப்ரீ டிஷ் பெட்டி. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவைதான் அது. மாதக் கட்டணம் கிடையாது, பெரும்பாலான சேனல்களுக்குப் பூட்டும் கிடையாது. முக்கியமான கிரிக்கெட் ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்ததால், தூர்தர்ஷனில் ஆட்டமும் கிடைக்கிறது. பூட்டில்லாத ஒளிபரப்பு என்பது பதிவுப் பிரியர்களுக்குப் பெரிய வரம். கட்டண டி.டி.எச். பெட்டிகள் பெரும்பாலும் பதிவைக் குறியாக்கம் செய்து எழுதும். அந்தப் பெட்டி பழுதானால் டிரைவ் நன்றாக இருந்தும் பதிவுகள் திறக்காது. அங்கே கோப்பு முறைமையைப் பற்றி நாம் யோசிக்க எதுவும் இல்லை. பெட்டி வைத்ததுதான் சட்டம். வெளிநாடுகளில் விற்ற டிவிகளில் சாம்சங் எக்ஸ்எஃப்எஸ் முறைமையிலும், எல்ஜி ஜேஎஃப்எஸ் முறைமையிலும் டிரைவைத் தானே ஃபார்மேட் செய்துகொள்ளும் மாடல்கள் உண்டு. அந்த டிரைவைக் கழற்றி விண்டோஸ் கணினியில் செருகினால் "இதை ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லி ஒரு வருடத்துப் பதிவுகளைப் பறிகொடுத்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

இந்த 4 ஜி.பி. எல்லை எங்கிருந்து வந்தது? ஃபேட் முறையின் மூலவடிவத்தை 1977இல் மைக்ரோசாஃப்டில் எழுதியவர் மார்க் மெக்டொனால்ட். ஃப்ளாப்பி தட்டுகளின் காலம். பின்னாளில் நிலைத்த வடிவில் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புப் பட்டியலில் 32 பைட் இடம். அதில் கோப்பின் நீளத்தைக் குறிக்க 4 பைட், அதாவது 32 பிட். 32 பிட்டில் எழுதக்கூடிய பெரிய எண்தான் மேலே சொன்ன 4,294,967,295. 1996இல் விண்டோஸ் 95இன் இரண்டாம் திருத்தப் பதிப்போடு ஃபேட்32 வந்தபோதும் அந்த இடத்தை அகலப்படுத்தவில்லை. வீட்டுக் கணினியின் மொத்த ஹார்ட் டிஸ்க்கே ஒன்றிரண்டு ஜி.பி.யாக இருந்த காலத்தில் ஒரே கோப்பு நாலு ஜி.பி. வளரும் என்று யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

இன்னோர் எல்லையையும் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். விண்டோஸின் ஃபார்மேட் சாளரத்தில் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட டிரைவைச் செருகினால் ஃபேட்32 என்ற தேர்வே காட்டாது. இது ஃபேட்32இன் இயல்பான எல்லை அல்ல. 512 பைட் செக்டார் கணக்கில் அது 2 டி.பி. வரை போகும். அந்தச் சாளரத்தை எழுதிய டேவ் பிளம்மர், 1994இன் பிற்பகுதியில் ஒரு வியாழக்கிழமை காலையில் தற்காலிக ஏற்பாடாக அதை அமைத்ததாகவும், 32 ஜி.பி. என்ற வரம்பைத் தானே தீர்மானித்ததாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முப்பது வருடம் கழித்து, 2024 ஆகஸ்டில்தான், விண்டோஸ் 11இன் சோதனைப் பதிப்பில் கட்டளை வரி வழியாக 2 டி.பி. வரை ஃபேட்32 ஃபார்மேட் செய்ய வழிவிட்டார்கள். தற்காலிக ஏற்பாடுகளின் ஆயுள் நம் ஊர்ச் சாலைகளில் மட்டும் நீள்வதில்லை. வேறு கருவிகளால் 64 அல்லது 128 ஜி.பி. டிரைவைத் தாராளமாக ஃபேட்32இல் ஃபார்மேட் செய்யலாம். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் போதும், இல்லாவிட்டால் செட்டாப் பாக்ஸின் மெனுவே போதும்.

சரி, எல்லை வந்தவுடன் பெட்டி என்ன செய்கிறது? ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் உள்ள பெட்டி, 4 ஜி.பி.யை நெருங்கும்போது அந்தக் கோப்பை மூடிவிட்டு அடுத்த கோப்பைத் திறந்து தொடர்கிறது. திரும்பப் பார்க்கும்போது ஒரே நிகழ்ச்சியாக ஓடும். சில பெட்டிகள் 1 ஜி.பி., 2 ஜி.பி. துண்டுகளாகவே எழுதும். மட்டமான பெட்டி பதிவை நிறுத்திவிடும். அதிலும் மட்டமான ஒன்றை மாமா வீட்டிலேயே பார்த்தோம்: பதிவை நிறுத்திய பிறகும் திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டே இருந்தது. மாமா இரவு முழுவதும் அந்தப் புள்ளியை நம்பினார். பெட்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதே பலகையும் அதே மென்பொருளும் பல பெயர்களில் வருகின்றன.

துண்டுகளாக உடைவதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. காரணம், ஒளிபரப்பின் அமைப்பு. வானத்திலிருந்து வருவது டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம். 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களின் வரிசை; ஒவ்வொரு பொட்டலமும் ஒரே அடையாள பைட்டோடு தொடங்கும். மழையில் சிக்னல் அறுந்து திரும்பி வந்தாலும், நடு நிகழ்ச்சியில் சேனல் மாற்றி வந்தாலும் படம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இப்படி அமைத்தார்கள். பெட்டி இதைப் பெரிதாக மாற்றாமல் அப்படியே டிரைவில் எழுதுகிறது. பூக்காரம்மா முழம் போட்டு அறுத்துத் தரும் மல்லிகைச் சரத்தைப் போல, எங்கே வெட்டினாலும் இரண்டு பக்கமும் சரமாகவே இருக்கும். மூன்று துண்டுகளைக் கணினியில் ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே ஒட்டினாலும் விஎல்சி பிளேயர் ஓட்டிவிடும். எம்பி4 கோப்பில் இந்தச் சலுகை இல்லை. அதன் அட்டவணை வழக்கமாகப் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். அதற்கு முன் அறுந்தால் முழுக் கோப்பும் முடங்கிவிடும்.

அறுப்பது பெரும்பாலும் மின்சாரம்தான். கோப்பு முறைமைகளை ஒப்பிடும் கட்டுரைகள் வேகத்தையும் கொள்ளளவையும் பக்கம் பக்கமாகப் பேசும். பதிவு நடுவே கரன்ட் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு வரியில் கடந்துவிடும். எழுதுகிறவர்கள் ஊரில் கரன்ட் போவதில்லை போலும். மாதாந்திரப் பராமரிப்புக்கு அறிவித்து நிறுத்தும் மின்தடையால் தொல்லை இல்லை. அன்றைக்குப் பதிவு வைக்க மாட்டோம். அறிவிப்பில்லாமல் இரண்டு நொடி போய் வருவதுதான் ஆபத்து. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்டி மட்டும் அணைந்து மறுபடி கண் விழிக்கும்.

அந்த நொடியில் ஃபேட்32 டிரைவில் நடப்பது இது. கோப்பின் உள்ளடக்கம் எழுதப்பட்டிருக்கிறது. எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்ற சங்கிலியும் ஃபேட் அட்டவணையில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கோப்பின் நீளம் அதன் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். பல பெட்டிகள் அதைப் பதிவை முடிக்கும்போதுதான் எழுதுகின்றன. அதனால் பட்டியலில் கோப்பின் அளவு பூஜ்யம் என்று காட்டும். பார்க்கிறவர் போயிற்று என்று அழித்துவிடுவார். அழிக்கக்கூடாது. டிரைவைக் கணினியில் செருகி விண்டோஸின் பிழை சரிபார்ப்பை ஓடவிட்டால், உரிமையாளர் இல்லாமல் கிடக்கும் அந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்து, மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டரில் ஃபைல்0000 என்ற பெயரில், சிஎச்கே என்ற பின்னொட்டோடு போட்டு வைக்கும். பின்னொட்டை டி.எஸ். என்று மாற்றுங்கள்; கச்சேரி ஓடும். தலைப்பு, அட்டவணை எதுவும் தேவைப்படாத டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமும், சங்கிலியாகக் கோக்கும் பழைய ஃபேட்டும் சேர்ந்து தரும் மீட்பு இது. இப்படி மீட்ட ஒரு வராளியை அம்மா இன்னும் கேட்கிறார்; அந்தக் கோப்பில் மட்டும் கடைசிச் சரணம் கிடையாது. ஃபேட்32 தன் அட்டவணைக்கு வழக்கமாக இரண்டு பிரதி வைத்திருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று கெட்டால் மற்றொன்று உதவலாம்.

இதனால்தான் எக்ஸ்ஃபேட் மீது எனக்குக் கொஞ்சம் கோபம். 2006இல் வந்தது, 4 ஜி.பி. எல்லையை நீக்கியது, 2009இல் எஸ்டிஎக்ஸ்சி என்ற பெரிய கொள்ளளவு மெமரி கார்டுகளுக்கு அதுவே தரமானது. கேமராவுக்கும் கணினிக்கும் இடையே கோப்பைக் கொண்டுபோக அதைவிட வசதியானது இல்லை. ஆனால் செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜர்னல் என்ற பாதுகாப்பு அதில் கிடையாது. அட்டவணையும் பொதுவாக ஒரே பிரதிதான். அது மட்டுமல்ல, கோப்பு தொடர்ச்சியான இடத்தில் அமைந்தால், வேகத்துக்காகச் சங்கிலியையே எழுதாமல் விட்டுவிடும். நீளமும் பதியப்படாமல், சங்கிலியும் இல்லாமல் போனால் சரிபார்ப்பு எதைப் பிடித்துக்கொண்டு மீட்கும்? தவிர, மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை 2019 ஆகஸ்டில்தான் பொதுவில் வெளியிட்டது. அதுவரை உரிமக் கட்டணம் கொடுக்க வேண்டியிருந்ததால் மலிவுப் பெட்டிகள் அதைத் தொடவில்லை. பல பெட்டிகளின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலில் முறையான எக்ஸ்ஃபேட் இயக்கி (டிரைவர் மென்பொருள்) வந்தது 2020இல், 5.7 பதிப்பில். அதற்கு முந்தைய மென்பொருளோடு ஓடும் பெட்டியில் எக்ஸ்ஃபேட் டிரைவைச் செருகினால் "யுஎஸ்பி இல்லை" என்றே சொல்லக்கூடும். கடையில் வாங்கும் 64 ஜி.பி. பென் டிரைவ்கள் பல எக்ஸ்ஃபேட்டில்தான் வருகின்றன. "புது டிரைவ் வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்புவதற்கு முன், பெட்டியின் மெனுவில் ஒருமுறை ஃபார்மேட் செய்து பாருங்கள்.

விண்டோஸின் இன்னொரு கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் நீண்ட பதிவுகளுக்கு நல்ல தேர்வு. 1993இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்தது. நம் தேவைக்கு அதில் கோப்பு அளவின் எல்லை என்று எதுவும் இல்லை. எட்டு மணி நேர ஆட்டம் ஒரே கோப்பாக இருக்கும். ஜர்னல் இருப்பதால், கரன்ட் போய் வந்தாலும் டிரைவின் கட்டமைப்பு சிதறாது. ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஜர்னல் காப்பது கட்டமைப்பைத்தான், கடைசி நிமிடத்துப் படத்தை அல்ல. இன்னொரு சிக்கல், பெட்டிக்குள் இருக்கும் என்டிஎஃப்எஸ் இயக்கியின் தரம். விண்டோஸில் எழுதுவது மைக்ரோசாஃப்டின் இயக்கி. பெட்டியில் எழுதுவது சிப் தயாரிப்பாளர் எங்கிருந்தோ சேர்த்த ஒன்று. சில பெட்டிகள் என்டிஎஃப்எஸ் டிரைவிலிருந்து படத்தை ஓட்டும், பதிவு செய்யச் சொன்னால் மறுக்கும். லினக்ஸ் உள்ள பெட்டி என்றால், விண்டோஸ் முறையாக விடுவிக்காத டிரைவில் எழுத மறுப்பதும் உண்டு. கணினியிலிருந்து கழற்றும்போது "பாதுகாப்பாக நீக்கு" என்பதைச் சொடுக்கும் பழக்கம் இங்கேதான் பயன் தருகிறது.

லினக்ஸின் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4 பற்றி இரண்டே வரி. ட்ரீம்பாக்ஸ், வியூ பிளஸ் போன்ற எனிக்மா2 வகை லினக்ஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம். அதுவே அந்தப் பெட்டிகளின் தாய்மொழி. விண்டோஸால் நேரடியாகப் படிக்க முடியாதே என்றால், அந்தப் பெட்டிகளில் நெட்வொர்க் உண்டு, டிரைவைக் கழற்றாமலே கோப்பை இழுத்துக்கொள்ளலாம்.

ஃபார்மேட் செய்யும்போது கண்ணில் படும் இன்னொரு தேர்வு, ஒதுக்கீட்டு அலகின் அளவு; கோப்புக்கு டிரைவில் இடம் ஒதுக்கும் மிகச் சிறிய துண்டு அது. பலரும் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரு மணி நேர எச்.டி. பதிவை 4 கே.பி. அலகுகளாக எழுதினால் ஏறத்தாழ 8.8 லட்சம் அலகுகள், 32 கே.பி. என்றால் 1.1 லட்சம்தான். அட்டவணையைத் திருத்தும் வேலை அந்த அளவுக்குக் குறையும். பென் டிரைவுக்குத் தொடர்ச்சியாக எழுதுவது எளிது. அங்கங்கே சிறிது சிறிதாக எழுதுவது கடினம். ஒளிபரப்புக்குத் தேவை வினாடிக்கு ஒரு மெகாபைட்தான், எந்த டிரைவும் தாங்கும். ஆனால் டிரைவ் தன் உள்வேலைக்காக ஒரு வினாடி மூச்சு வாங்கினால், சிறிய தற்காலிக நினைவகம் உள்ள பெட்டி அந்த வினாடியின் படத்தைத் தவறவிடும். திரும்பப் பார்க்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைவதற்கு டிஷ்ஷை மட்டும் குறை சொல்ல முடியாது. நேரலையை நிறுத்தி வைத்துப் பார்க்கும் டைம்ஷிஃப்ட் வசதி எப்போதும் இயங்கும்படி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். பார்க்காத நேரத்திலும் டிரைவைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

ஹார்ட் டிஸ்க் வைப்பவர்களுக்கு வேறு இரண்டு தொல்லைகள். யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லியாம்பியர். தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் டிஸ்க் அதைவிட அதிகமாகக் கேட்கும். சொடக் சொடக் என்ற சத்தம் கேட்டால் கோப்பு முறைமையைச் சந்தேகிக்காதீர்கள், தனி மின்னிணைப்பு உள்ள ஹப் வாங்குங்கள். அடுத்தது, டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்து வைக்கும் பார்ட்டிஷன் அட்டவணை. பெரிய டிஸ்க்குகள் ஜிபிடி என்ற புதிய முறையில் வரலாம்; பழைய பெட்டிகளுக்கு எம்பிஆர் என்ற பழைய முறை மட்டுமே தெரியும். சரியான கோப்பு முறைமையில் ஃபார்மேட் செய்தும் பெட்டி கண்டுகொள்ளாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

புதுப் பெட்டியோ புது டிரைவோ வந்தால் முக்கியமான நிகழ்ச்சிக்கு முன் இரண்டு சோதனைகள் செய்கிறேன். பெட்டியின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்து, ஏதாவது ஒரு சேனலை இரவு முழுக்கப் பதிவில் விட்டு, காலையில் கணினியில் கோப்புகளின் அளவைப் பார்ப்பது முதலாவது. 4 ஜி.பி.க்கு அப்பால் பெட்டி என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடும். கோப்பின் தேதி 1980 ஜனவரி 1 என்று இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஃபேட் முறைமையின் நாள்காட்டி அன்றுதான் தொடங்குகிறது, பெட்டி நேரத்தைச் சொல்லவில்லை, அவ்வளவே. இரண்டாவது சோதனை கொஞ்சம் முரட்டுத்தனமானது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது. ஃபேட்32, என்டிஎஃப்எஸ் இரண்டிலும் இதைச் செய்து பார்த்தால் உங்கள் பெட்டிக்கு எது பொருத்தம் என்பதை நான் சொல்லவே வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பெட்டி ஒழுங்காகத் துண்டு போடுகிறது. அதன் என்டிஎஃப்எஸ் இயக்கிதான் பிளக்கைப் பிடுங்கிய பின் திணறியது. ஆகவே அங்கே ஃபேட்32, 32 கே.பி. அலகு, 64 ஜி.பி. டிரைவ். மாமா வீட்டுப் பெட்டி துண்டு போடத் தெரியாதது; அங்கே என்டிஎஃப்எஸ். இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் யுபிஎஸ் பக்கம் தள்ளிவிடுங்கள். மின்சாரம் மாறும் இடைவெளி குறைந்து, பெட்டி அணையாமல் தப்பிக்கும். எந்தக் கோப்பு முறைமையை மாற்றியதைவிடவும் எங்களுக்கு அதிகப் பதிவுகளைக் காப்பாற்றியது அந்தச் சுவிட்ச்தான்.

டிரைவ் வாங்கும்போது, நம்ப முடியாத விலைக்கு 2 டி.பி. பென் டிரைவ் என்று இணையத்தில் வருவதை வாங்காதீர்கள். உள்ளே 32 ஜி.பி.யோ 64 ஜி.பி.யோ இருக்கும், கணினியிடம் மட்டும் 2 டி.பி. என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். முதல் சில பதிவுகள் நன்றாக ஓடும். அதன் பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி டிரைவ் முழுவதையும் எழுதித் திரும்பப் படித்து உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். வினாடிக்கு 10 மெகாபைட் எழுதும் 64 ஜி.பி. டிரைவுக்கு எழுத மட்டும் ஏறக்குறைய 1 மணி 47 நிமிடம் ஆகும். வாங்கிய அன்றே ஓட்டிப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு தெரிந்தால் பணம் திரும்பாது.